உங்கள் ஊரில் சைக்கிளுக்குத் தடையா? அமெரிக்கச் சிற்றூர்ச் சட்டங்களைப் படித்து எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு மேற்கே மலைக்குள் பிளாக் ஹாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே குடியிருந்தவர்கள் 118 பேர்தான். ஆனால் 1991 முதல் அங்கே சூதாட்ட விடுதிகளுக்கு அனுமதி உண்டு. அதனால் அந்தக் குறுகலான தெருக்களில் பேருந்தும் லாரியும் காரும் நாள் முழுக்க வந்து போகும். 2009 இல் அந்த ஊர் நகர்மன்றம் ஓர் உள்ளூர்ச் சட்டம் போட்டது. ஊரைக் கடந்துபோகும் தெருக்களில் யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றது அது. 2010 ஜூனில் கிரெகரி தெருவில் ஓட்டிப்போன மூன்று பேருக்குப் போலீஸ் டிக்கெட் கொடுத்தது. அபராதம் ஆளுக்கு 68 டாலர்.

கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் கட்டவில்லை. ஊர் கோர்ட்டில் தோற்றார்கள், அடுத்த கோர்ட்டிலும் தோற்றார்கள். 2013 பிப்ரவரி 4 அன்று கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வரும் நம் ஆட்களில் பலர் முதல் ஒன்றிரண்டு வருடம் கார் இல்லாமல்தான் காலம் தள்ளுகிறார்கள். சின்னக் கல்லூரி ஊர்களில் சாயங்காலத்துக்குப் பிறகு பஸ்ஸே இருக்காது. மளிகைக் கடைக்கும் ஆய்வகத்துக்கும் சைக்கிள்தான் கதி. அப்படிப்பட்ட ஒருவரிடம் "இந்தத் தெருவில் ஓட்டாதே" என்று சொன்னால், அவருடைய வேலையிலும் சாப்பாட்டிலும் கை வைப்பதாகும். நானும் அப்படி ஓர் ஊரில் இருந்தவன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் மாநிலச் சட்டம் மாறியிருக்கலாம், ஆகவே ஒவ்வொரு பிரிவையும் நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

படி 1: எந்த மாதிரித் தடை என்று பிரித்துப் பாருங்கள்

"இங்கே சைக்கிள் ஓட்டக் கூடாது" என்று யாரோ சொன்னால், அதற்குப் பின்னால் ஐந்தாறு வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம். எது என்று தெரியாமல் சண்டைக்குப் போகக் கூடாது.

முழுத் தெருவுக்கும் தடை என்பது அபூர்வம், பிளாக் ஹாக் அந்த வகை. அதிகம் பார்க்கக் கிடைப்பது கடைத்தெரு நடைபாதையில் ஓட்டத் தடை. இது பெரும்பாலும் செல்லுபடியாகும் தடைதான், நியாயமும் உண்டு. கடை வாசலில் இருந்து கைக்குழந்தையோடு வெளியே வருபவர் சைக்கிளை எதிர்பார்ப்பதில்லை. மூன்றாவது, பக்கத்தில் சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும், சாலைக்கு வரக் கூடாது என்கிற கட்டாயம். நான்காவது, சைக்கிளை ஊரில் பதிவு செய்து வில்லை ஒட்ட வேண்டும் என்பது. அப்புறம் கடலோர ஊர்களில் நேரக் கட்டுப்பாடு இருக்கும். நியூ ஜெர்சியின் ஓஷன் சிட்டியில் கோடைக்காலத்தில் கடற்கரையோரப் பலகை நடைபாதையில் (போர்டுவாக்) காலை நேரத்தில் மட்டும்தான் சைக்கிள் விடுவார்கள்.

இன்னொன்று சட்டமாகவே இருக்காது, பழக்கமாக இருக்கும். சாலையில் மெதுவாகப் போகிறாய், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று டிக்கெட் எழுதுவது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஓர் அருமையான தீர்ப்பு இருக்கிறது.

படி 2: மூல வாசகத்தைக் கையில் எடுங்கள்

போலீஸ்காரர் சொன்னது, அறைத்தோழர் சொன்னது, பலகையில் எழுதியிருப்பது எதுவும் சட்டம் அல்ல. நகர்மன்றம் நிறைவேற்றிய வாசகம்தான் சட்டம். அதற்கு ஆர்டினன்ஸ் என்று பெயர். எல்லா ஆர்டினன்ஸையும் சேர்த்துக் கட்டிய தொகுப்புக்கு நகரக் கோடு என்பார்கள்.

பெரும்பாலான சின்ன ஊர்கள் தங்கள் சட்டத்தொகுப்பை ஏதாவது ஒரு பதிப்பகத்தின் தளத்தில் வைத்திருக்கின்றன. மியூனிகோடு, அமெரிக்கன் லீகல், ஈகோடு360 ஆகிய மூன்றில் ஒன்றில் ஊர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அங்கே பைசைக்கிள் என்று மட்டும் தேடி நிறுத்தாதீர்கள். வெஹிக்கிள், சைடுவாக், பிஸினஸ் டிஸ்ட்ரிக்ட் (கடைத்தெரு), டாய் வெஹிக்கிள் (விளையாட்டு வண்டி) என்றும் தேடுங்கள். பழைய கோடுகளில் சைக்கிள் சம்பந்தமான வரி ஸ்கேட்டிங், குதிரை, தள்ளுவண்டி ஆகியவற்றோடு சேர்ந்து பூங்கா அத்தியாயத்திலோ பொதுத்தொல்லை அத்தியாயத்திலோ ஒளிந்துகிடக்கும்.

தளத்தில் இல்லையென்றால் நகரமன்றக் கட்டடத்துக்குப் போய் சிட்டி கிளர்க்கைப் பாருங்கள். சின்ன ஊரில் அவர்தான் எல்லாக் காகிதத்துக்கும் பொறுப்பு. மரியாதையாகக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கேட்கும்போது மூன்று விஷயங்களைக் குறித்து வாங்குங்கள்: ஆர்டினன்ஸ் எண், நிறைவேறிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி. ஒவ்வொரு பிரிவின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள், தேதி பின்னால் மிகவும் உதவும்.

படி 3: வரையறைகளை முதலில் படியுங்கள்

இந்தப் படிக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். பனிக்காலம் முடிந்த சமயம், சாலை ஓரமெல்லாம் குழி. ஒரு சின்ன ஊரின் முக்கியத் தெருவில் நடைபாதையில் ஏறி ஓட்டிப்போனேன். நிறுத்தினார்கள். "கடைத்தெருவில் நடைபாதையில் ஓட்டியது" என்று டிக்கெட். மறுநாளே அபராதம் கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக நகரச் சட்டத்தொகுப்பைப் புரட்டியபோதுதான் பிஸினஸ் டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லுக்கு வரையறை இருப்பதைப் பார்த்தேன்.

பல மாநிலங்களும் ஊர்களும் மாதிரிப் போக்குவரத்துச் சட்டத்தில் இருந்து எடுத்துக்கொண்ட வரையறை அது. சாலையில் 600 அடி நீளத்தை எடுத்துக்கொண்டால், அதற்குள் வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ பயன்பாட்டில் உள்ள கட்டடங்களின் முகப்பு ஒரு பக்கத்தில் குறைந்தது 300 அடியாவது இருக்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் சேர்த்து 300 அடி இருக்க வேண்டும். "பயன்பாட்டில் உள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். என்னை நிறுத்திய இடத்தில் ஒரு தேவாலயம், இரண்டு வீடு, வருடக்கணக்காக மூடிக்கிடந்த ஒரு இரும்புக்கடை, ஒரு சலவையகம். டேப் வைத்து அளந்தேன். 300 அடிக்கு எங்கேயும் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் பணம் கட்டியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிட்டது, கதை முடிந்தது.

ஆகவே டிக்கெட்டில் உள்ள பிரிவை மட்டும் படிக்காதீர்கள். அந்தப் பிரிவில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் கோடின் முன்பகுதியில் வரையறை இருக்கிறதா என்று தேடுங்கள். சைக்கிள் என்றால் என்ன, சக்கரத்தின் குறுக்களவு எவ்வளவு, நடைபாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தெரு என்பதில் சந்து சேருமா. வழக்கு பாதி நேரம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

படி 4: ஊருக்கு இந்த அதிகாரம் உண்டா என்று மாநிலச் சட்டத்தில் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் ஊரின் அதிகாரம் மாநிலம் கொடுத்தது. மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்ததும், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் பின்தொடர்வதும் தவிர ஊருக்கு வேறு அதிகாரம் கிடையாது என்று 1868 இல் அயோவாவில் ஜான் டில்லன் என்ற நீதிபதி தீர்ப்பெழுதினார். இதைத்தான் டில்லன் விதி என்கிறார்கள். பல மாநிலங்கள் அப்புறம் இதைத் தளர்த்தி, தங்கள் சொந்த விஷயங்களை ஊர்களே பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தன. அதற்கு ஹோம் ரூல் என்று பெயர்.

பிளாக் ஹாக் ஹோம் ரூல் ஊர். எங்கள் தெரு, எங்கள் விஷயம் என்றுதான் அது வாதாடியது. இந்த மாதிரி மோதலில் கொலராடோ நீதிமன்றம் நான்கு கேள்வி கேட்கும். மாநிலம் முழுக்க ஒரே மாதிரி விதி தேவையா? ஊர் போடும் விதி வெளியூர்க்காரரைப் பாதிக்கிறதா? இதுவரை இந்த விஷயத்தை ஒழுங்குபடுத்தி வந்தது யார்? மாநில அரசியலமைப்பு இதை யாருக்காவது ஒதுக்கியிருக்கிறதா? சைக்கிளில் போகிறவர் ஊர் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. மலையில் ஒரு ஊர் அடைத்தால், அதற்கு அப்பால் உள்ள ஊருக்கும் வழி அடைபடுகிறது. ஆகவே இது ஊருக்கும் மாநிலத்துக்கும் பொதுவான விஷயம், இரண்டும் மோதினால் மாநிலச் சட்டமே நிற்கும் என்றது நீதிமன்றம்.

மோதல் இருந்ததா? இருந்தது. கொலராடோவின் போக்குவரத்துச் சட்டம் 42-4-109 இல் 11 ஆவது உட்பிரிவு, நெரிசலான தெருவில் சைக்கிளை ஊர் தடை செய்யலாம் என்கிறது. ஆனால் சும்மா இல்லை. தகுந்த மாற்றுப்பாதை அந்தத் தெருவிலேயோ, 450 அடிக்குள் அதற்கு இணையாகவோ அமைந்திருக்க வேண்டும். பொறியியல் ஆய்வின் அடிப்படையில்தான் தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 450 அடி என்றால் சுமார் 137 மீட்டர். பிளாக் ஹாக் தடையைப் போட்டது, மாற்றுப்பாதை போடவில்லை. மாநிலம் ஒரு நிபந்தனையோடு அனுமதித்ததை, நிபந்தனையை விட்டுவிட்டு ஊர் எடுத்துக்கொள்ள முடியாது. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

உங்கள் மாநிலத்தில் இந்த மாதிரிப் பிரிவு எங்கே இருக்கும்? போக்குவரத்துச் சட்டத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, உள்ளூர் அதிகாரிகளின் அதிகாரம் என்ற தலைப்பு. மற்றொன்று, சைக்கிள் ஓட்டுபவரின் உரிமையும் கடமையும் என்ற தலைப்பு. அநேகமாக எல்லா மாநிலங்களிலும் இரண்டாவதில், சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கு மற்ற வண்டி ஓட்டுபவருக்கு உள்ள உரிமைகளும் கடமைகளும் உண்டு என்று ஒரு வரி இருக்கும். அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலங்கள் எப்படியெல்லாம் வேறுபடுகின்றன என்பதற்குச் சில:

ஓஹையோவில் 2006 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 4511.07 ஆவது பிரிவின்படி, பொதுச் சாலையில் சைக்கிளைத் தடைசெய்து எந்த ஊரும் விதி போட முடியாது, அதிவேக நெடுஞ்சாலை மட்டும் விலக்கு. நான் பார்த்ததில் தெளிவான வாசகம் இதுதான்.

கலிஃபோர்னியாவில் வாகனச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு, மாநிலச் சட்டம் பேசுகிற விஷயத்தில் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஊர் விதி போடக் கூடாது என்கிறது. 21206 ஆவது பிரிவு நடைபாதை, சைக்கிள் பாதை போன்ற இடங்களில் ஓட்டுவதை ஊருக்கு விட்டுக்கொடுக்கிறது. ஆகவே அங்கே சாலைத் தடை நிற்காது, நடைபாதைத் தடை நிற்கும்.

டெக்ஸஸும் பென்சில்வேனியாவும் சைக்கிள் ஓட்டுவதை ஒழுங்குபடுத்தவும் பதிவு கேட்கவும் ஊருக்கு அதிகாரம் கொடுத்திருக்கின்றன. ஒழுங்குபடுத்துவது வேறு, அடியோடு தடுப்பது வேறு என்ற வாதத்துக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் ஓஹையோ போல அவ்வளவு எளிதாக இருக்காது, வக்கீல் வேண்டும்.

ஓரிகனில் பக்கத்தில் சைக்கிள் பாதை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும் என்று மாநிலமே சொல்கிறது. ஆனால் அதே 814.420 ஆவது பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தப் பாதை நியாயமான வேகத்தில் பாதுகாப்பாக ஓட்டத் தகுந்தது என்று பொது விசாரணை நடத்தி அதிகாரிகள் முடிவு செய்திருக்க வேண்டும். விசாரணை நடந்ததா என்று கிளர்க்கிடம் கேளுங்கள்.

பதிவு விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலில் நியூ ஜெர்சியின் பெர்த் ஆம்பாய் நகரில் பதின்ம வயதுப் பையன்கள் கூட்டமாக சைக்கிள் ஓட்டிப் போனார்கள். பதிவு வில்லை இல்லை என்று போலீஸ் சைக்கிள்களைப் பறித்தது, ஒரு பையனுக்கு விலங்கும் போட்டது. அந்த வில்லையின் விலை 50 சென்ட். இப்படிப்பட்ட விதிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், யாரையாவது நிறுத்த ஒரு சாக்கு தேவைப்படும்போது மட்டும் எழுப்பப்படும். யார் நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்த்தால் மனம் கனத்துப்போகும். கலிஃபோர்னியா 2022 இல் சட்டம் இயற்றி, 2023 முதல் எந்த ஊரும் சைக்கிளுக்கு உரிமம் கேட்கக் கூடாது என்று முடிவுகட்டியது.

படி 5: பலகையும் ஆய்வும் இருக்கின்றனவா என்று தோண்டுங்கள்

சட்டம் ஒழுங்காகவே இருந்தாலும், அதைத் தெருவில் ஒழுங்காக அமல்படுத்தியிருக்க வேண்டும். பல மாநிலங்களில் இந்த மாதிரித் தடை, பலகை நட்ட பிறகுதான் உயிர்பெறும். பலகைக்கும் நாடு தழுவிய தரம் உண்டு. வெள்ளைப் பின்னணியில் சைக்கிள் படம், மேலே சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும். அதன் குறியீடு ஆர்5-6. தெருவின் இரண்டு முனையிலும், குறுக்குத் தெரு வந்து சேரும் இடங்களிலும் பலகை இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். மரக்கிளை மறைத்திருந்தால் அதையும் படம் எடுங்கள், தேதி தெரியும்படி.

அடுத்து, ஆவணக் கோரிக்கை. இங்கே நம் ஆட்கள் பலர் செய்யும் ஒரு தவறு, மத்திய அரசின் தகவல் சட்டமான ஃபோயாவைச் சொல்லி ஊருக்குக் கடிதம் எழுதுவது. ஃபோயா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான். ஊர் ஆவணங்களுக்கு உங்கள் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். கொலராடோவில் கோரா, நியூ ஜெர்சியில் ஓப்ரா, நியூயார்க்கில் ஃபாயில், டெக்ஸஸில் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட். சரியான பெயரைப் போட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்காது.

கேட்க வேண்டியவை: தடை நிறைவேறிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அதற்கு அடிப்படையான பொறியியல் அல்லது போக்குவரத்து ஆய்வு, பலகை நட்ட வேலை உத்தரவு, கடந்த 5 வருடத்தில் இந்தப் பிரிவின் கீழ் கொடுத்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை, அந்தத் தெருவில் சைக்கிள் சம்பந்தப்பட்ட விபத்து அறிக்கைகள். "உங்களிடம் உள்ள எல்லா ஆவணமும்" என்று கேட்டால் கட்டணம் ஏறும், நாளும் ஆகும். குறிப்பாகக் கேளுங்கள். "அப்படி ஓர் ஆய்வு எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆய்வு கட்டாயமான மாநிலத்தில் அந்த ஒரு வரி கட்டுக்கட்டான வாதத்தைவிட மேல்.

படி 6: தெருவில் நிறுத்தினால்

நில்லுங்கள், கை தெரியும்படி வையுங்கள், தெருவில் சட்டம் பேசாதீர்கள். எந்தப் பிரிவு என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். டிக்கெட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல, கோர்ட்டுக்கு வருகிறேன் என்று கொடுக்கும் வாக்கு. போலீஸ் போன பிறகு அந்த இடத்திலேயே நின்று தெரு, பலகை, சாலை அகலம், குழி எல்லாவற்றையும் படம் எடுங்கள். நடந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

டிக்கெட்டில் உள்ள தேதியைத் தவறவிடக் கூடாது. போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரலாம். 68 டாலர் விஷயம் அப்போது வேறு விஷயமாகிவிடும். விசாவில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது எப்போதாவது கைது ஆனதுண்டா, சைட்டேஷன் (டிக்கெட்) வாங்கியதுண்டா என்று கேட்பார்கள். ஆகவே வழக்கு எப்படி முடிந்தது என்று கோர்ட் தரும் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அபராதத்தோடு நிற்காமல் கைது என்று போனால், குடியேற்ற வக்கீலிடம் முதலில் பேசுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

படி 7: ஊர் கோர்ட்டில்

முதல் நாள் விசாரணை நடக்காது. ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று மட்டும்தான் கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள். அரசு வக்கீல் தனியே கூப்பிட்டு, பாதி கட்டினால் முடித்துவிடலாம் என்பார். விதி உங்கள் பக்கம் இருக்கிறது என்று படி 3, 4, 5 இல் உறுதியானால் மட்டும் மறுத்துவிடுங்கள். உண்மையிலேயே கடைத்தெரு நடைபாதையில் ஓட்டியிருந்தால் கட்டிவிட்டு வருவதுதான் சரி.

எதிர்ப்பது என்று முடிவானால் மாநிலச் சட்டத்தோடு மோதுகிறது என்ற வாதத்தை எழுத்தில் கொடுங்கள். இரண்டு பக்கம் போதும். ஊர் விதியின் வாசகம், மாநிலப் பிரிவின் வாசகம், இரண்டும் எங்கே மோதுகின்றன, ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஊர் நீதிபதி தன் ஊரின் சட்டத்தை அடித்துப்போடத் தயங்குவார், பிளாக் ஹாக்கிலும் அப்படித்தான் ஆனது. அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். கீழ்க் கோர்ட்டில் எழுப்பாத வாதத்தை மேல்முறையீட்டில் பெரும்பாலும் எழுப்ப விடமாட்டார்கள். அதனால்தான் தோற்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். விசாரணை ஒலிப்பதிவு ஆகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆகாத கோர்ட்டுகளில் பல இடங்களில் மேல் கோர்ட்டில் புதிதாகவே விசாரணை கிடைக்கும். மேல்முறையீட்டுக்கு உள்ள நாள் கெடு குறுகியது, தீர்ப்பு வந்த அன்றே கிளர்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெதுவாகப் போனதற்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு இப்போது அந்தத் தீர்ப்பு. ஓஹையோவில் டேட்டன் பக்கத்தில் ட்ராட்வுட் என்ற ஊர். ஒருவர் ஏற்றத்தில் மணிக்கு சுமார் 15 மைல் வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தார், சாலையின் வேக வரம்பு 45. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று டிக்கெட் கொடுத்தார்கள், ஊர் கோர்ட்டும் குற்றம் என்றது. 2000 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சைக்கிளுக்கு முடிந்த வேகத்தில் சைக்கிள் போவதை இடைஞ்சல் என்று சொன்னால், சாலையில் சைக்கிளுக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்வதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். 2006 திருத்தத்தில் ஓஹையோ இந்தக் கருத்தைச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. மெதுவாகப் போனாரா என்று முடிவு செய்யும்போது வண்டியின் திறனையும் ஓட்டுபவரின் திறனையும் கணக்கில் எடுக்க வேண்டும். மற்ற மாநிலங்களை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டாகக் கொடுக்கலாம்.

தனியாகச் சுமக்க வேண்டாம். பிளாக் ஹாக் வழக்குக்குப் பைசைக்கிள் கொலராடோ என்ற மாநில அமைப்பு துணை நின்றது. பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஓர் அமைப்பு உண்டு. நாடு தழுவிய லீக் ஆஃப் அமெரிக்கன் பைசைக்கிளிஸ்ட்ஸ் 1880 இல் தொடங்கியது. அப்போது கார் என்ற ஒன்று தெருவுக்கு வந்திருக்கவில்லை, குதிரை மிரளும் என்று சொல்லித்தான் சைக்கிளைத் தடுத்தார்கள். நியூயார்க் மாநிலம் 1887 இல் லிபர்ட்டி பில் என்ற சட்டத்தால் சைக்கிளுக்குக் குதிரைவண்டிக்குச் சமமான உரிமை கொடுத்தது.

படி 8: நகர்மன்றத்தில் பேசி விதியை மாற்றுங்கள்

கோர்ட் ஒரு டிக்கெட்டைத் தீர்க்கும். விதியைத் தீர்க்க நகர்மன்றமே எளிய வழி. சின்ன ஊரில் ஏழு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பத்துப் பேர் வந்திருப்பார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்கு 3 நிமிடம் போலக் கொடுப்பார்கள். நீங்கள் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, குடிமகனாகவும் இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.

பேசப் போகும் முன் அவர்களுடைய பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான தடைகள் சைக்கிள்காரர் மேல் உள்ள வெறுப்பில் பிறந்தவை அல்ல, வழக்குக்குப் பயந்து பிறந்தவை. அயோவாவைக் குறுக்காகக் கடக்கும் ராக்பிராய் என்ற பெரிய சைக்கிள் பயணத்தில் 2004 இல் ஒருவர் சாலைப் பிளவில் சிக்கி இறந்துபோனார். அந்தச் சாலை இருந்த கிராஃபோர்டு கவுண்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 350,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. 2007 இல் அந்தப் பயணத்தையே தன் எல்லைக்குள் வரவிடாமல் தடைபோட்டது, அப்புறம் நீக்கிக்கொண்டது. இல்லினாயில் இதன் மறுபக்கம். பாலத்தின் பலகை இடுக்கில் சக்கரம் சிக்கி விழுந்தவர் தொடுத்த வழக்கில், சைக்கிள் அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்டதே தவிர அதற்காக அமைத்த சாலை அல்ல, ஆகவே ஊராட்சிக்குப் பொறுப்பு இல்லை என்று 1998 இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் சைக்கிள் பாதை என்று பலகை நட்டால் பொறுப்பு நம் தலையில் விழுமே என்று ஊர்கள் தயங்க ஆரம்பித்தன. சாலையில் போகிற உயிரைவிடப் பலகையைப் பற்றிய கவலை பெரிதாகிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு தவறாகவே படுகிறது.

ஆகவே நகர்மன்றத்தில் உரிமை என்று மட்டும் பேசினால் காது கொடுக்க மாட்டார்கள். மாநிலச் சட்டத்தோடு மோதும் விதியை வைத்திருப்பதும் வழக்குச் செலவுதான் என்று காட்டுங்கள். கையில் மாற்று வாசகம் கொண்டுபோங்கள். "கடைத்தெரு" என்ற பொதுச்சொல்லுக்குப் பதிலாக "பிரதானத் தெருவில் முதல் தெருவிலிருந்து நான்காம் தெரு வரை, கடை திறந்திருக்கும் நேரத்தில்" என்று எல்லை குறித்த வாசகம். முழுத் தடைக்குப் பதிலாக, நடைபாதையில் நடப்பவர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்ற வாசகம். பதிவுக் கட்டாயத்துக்குப் பதிலாக, திருட்டைத் தடுக்க விருப்பமுள்ளவர் இலவசமாகப் பதியலாம் என்ற வாசகம். உணவகச் சமையலறையில் ராத்திரி வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புகிற யாராவது கூட வந்து பேசினால், ஏழு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

புதிய ஆர்டினன்ஸ் பெரும்பாலான இடங்களில் இரண்டு கூட்டங்களில் வாசிக்கப்படும். முதல் வாசிப்பில் தவறவிட்டாலும் இரண்டாவதற்குள் பேச நேரம் இருக்கிறது. நிகழ்ச்சிநிரல் எப்போது வெளியாகும் என்று கேட்டு வையுங்கள். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும்.

மின்சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு

இப்போது புதிதாக வரும் உள்ளூர்த் தடைகளில் பல மின்சைக்கிளைப் பற்றியவை. பல மாநிலங்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன: முதல் வகுப்பு, மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும், மணிக்கு 20 மைல் வரை; இரண்டாம் வகுப்பு, மிதிக்காமலே ஓட்ட உதவும் த்ராட்டில் என்ற விசை உள்ளது, 20 மைல் வரை; மூன்றாம் வகுப்பு, மிதித்தால் உதவி, 28 மைல் வரை. உங்கள் வண்டியில் ஒட்டிய லேபிளைப் பாருங்கள், வகுப்பும் வாட்டும் அதில் இருக்கும். 750 வாட்டுக்கு மேல் போனால் பல இடங்களில் அது சைக்கிளே அல்ல. அப்படியானால் மேலே சொன்ன சைக்கிள் உரிமை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

மிச்சிகனில் மக்கினாக் தீவு என்று ஒரு சின்ன ஊர். 1898 இலேயே மோட்டார் வண்டிக்குத் தடைபோட்டது, இன்றுவரை அந்தத் தடை நிற்கிறது. தீவைச் சுற்றி வரும் எம்-185 நெடுஞ்சாலையில் கார் கிடையாது, சைக்கிளும் குதிரைவண்டியும் நடப்பவர்களும்தான். அங்கேகூட மின்சைக்கிளை எல்லோருக்கும் விடுவதில்லை, உடல் இயலாமை உள்ளவர்களுக்கு முதல் வகுப்பு வண்டி மட்டும் அனுமதி. ஆகவே சைக்கிளை நேசிக்கும் ஊர் என்று நம்பி மின்சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். படகில் ஏறும் முன் அந்த ஊர்க் கோடில் படி 2 இல் சொன்ன தேடலை ஒருமுறை செய்துவிடுங்கள்.